காலை 6 மணி மெசேஜ் 11.30-க்குப் போவது ஏன்? 'க்ரான்' கருவிகளில் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்!

ஒரு டிபன் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களுக்குத் தினமும் காலை 6 மணிக்கு 'இன்றைய மெனு' என்று ஒரு மெசேஜ் போக வேண்டும். கடைக்காரரின் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார். "இதுக்குப் போய் தினமும் எந்திரிக்கணுமாப்பா? கம்ப்யூட்டரே அனுப்பிடும்" என்று சொல்லிவிட்டு, இணையத்தில் ஒரு கருவியைத் திறக்கிறார். மணி 6, நிமிடம் 0, தினமும் என்று மூன்று இடத்தில் கிளிக். கருவி ஒரு குட்டி வரியைத் தருகிறது. அதைக் காப்பி செய்து சர்வரில் ஒட்டியாகிவிட்டது.

மறுநாள் 6 மணி. மெசேஜ் போகவில்லை. 7 மணி, 8 மணி... ம்ஹும். இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து, மதியச் சாப்பாட்டுக்கு சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, சரியாக 11.30-க்கு எல்லோர் போனும் சிணுங்குகிறது. 'சூடான இட்லி, பொங்கல், வடை தயார்!'

கடை கற்பனை. தவறு கற்பனை இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை நேரம் குறித்துக் கொடுக்கும் பலரும் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும் தவறு இது. இத்தனைக்கும் அந்தக் கருவி தப்பாக எதையும் எழுதித் தரவில்லை. கேட்டதைச் சரியாகவே தந்தது. பின் எங்கே கோளாறு?

க்ரான் என்றால் என்ன?

சர்வர்களில் 'க்ரான்' என்று ஒரு புரோகிராம் எப்போதும் விழித்தபடி இருக்கும். ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்க்கும். கையில் இருக்கும் பட்டியலையும் பார்க்கும். 'இந்த நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா?' இருந்தால் செய்துவிட்டு, அடுத்த நிமிடத்துக்காகக் காத்திருக்கும். அந்தப் பட்டியலுக்கு 'க்ரான்டேப்' என்று பெயர்.

இது புதிய சரக்கு இல்லை. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் உருவான யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாவது பதிப்பு 1979-ல் வந்தபோதே இதுவும் கூடவே வந்தது. 1987-ல் பால் விக்ஸி என்பவர் எழுதிய வடிவம் பிறகு லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் வெப்சைட்டுகளின் பேக்கப், மாதாந்திர பில், 'உங்கள் பிளான் நாளை முடிகிறது' என்று வரும் நினைவூட்டல் எனப் பல வேலைகளுக்குப் பின்னால் இந்தப் பழைய புரோகிராமோ, அதன் பேரப் பிள்ளைகளோ இருக்கின்றன.

சிக்கல் அதனுடன் பேசும் மொழியில்தான். 'தினமும் காலை ஆறரை மணிக்கு' என்று எழுதினால் அதற்குப் புரியாது. இப்படித்தான் எழுத வேண்டும்:

30 6 * * *

ஐந்து கட்டம், ஒரு விலாசம்!

இந்த வரியில் ஐந்து கட்டங்கள். இடமிருந்து வலமாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை.

நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. தபால் விலாசம் எழுதும்போது கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவோம் அல்லவா? க்ரானும் அப்படியே. நிமிடம்தான் கதவு எண், மணி தெரு, தேதி ஊர், மாதம் மாவட்டம். கடைசியில் 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்று அடையாளம் சேர்ப்பதுபோல, கிழமை.

நிமிடம் 0 முதல் 59 வரை. மணி 0 முதல் 23 வரை. அதாவது இரவு 8 மணி என்றால் 20. கிழமைக்கு ஞாயிறு 0, திங்கள் 1, அப்படியே போய் சனி 6.

இவற்றுடன் நான்கு குறிகள் தெரிந்தால் போதும்.

* நட்சத்திரம் (*): எதுவானாலும் சரி
* காற்புள்ளி (,): இதுவும், அதுவும்
* சிறு கோடு (-): இதிலிருந்து அதுவரை
* சாய்கோடு (/): இத்தனைக்கு ஒருமுறை

சில உதாரணங்கள்:

0 9 * * 1-5 → திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணி

*/15 * * * * → 15 நிமிடத்துக்கு ஒருமுறை

0 20 * * 1,4 → திங்களும் வியாழனும் இரவு 8 மணி

0 10 1 * * → ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி காலை 10 மணி

0 0 1 4 * → ஏப்ரல் 1 பிறக்கும் நள்ளிரவு. புதிய நிதியாண்டின் முதல் நிமிடம்

ஜெனரேட்டர் என்ன செய்கிறது?

இந்த வரியை எழுதித் தருவதுதான் 'க்ரான் எக்ஸ்பிரஷன் ஜெனரேட்டர்'. இணையத்தில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. போன் பிரவுசரிலும் திறக்கலாம். பட்டியலில் நேரத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தால், வரி தயாராகிவிடும். எதிர்த்திசையில் வேலை செய்யும் தளங்களும் உண்டு. 'க்ரான்டேப் குரு' அதில் பிரபலம். நீங்கள் வரியைப் போட்டால், அதன் அர்த்தத்தைச் சாதாரண ஆங்கில வாக்கியமாகச் சொல்லும். அடுத்து எப்போது ஓடும் என்றும் காட்டும். வெப்சைட் ஹோஸ்டிங் வாங்கியவர்களுக்கு சி-பேனலுக்குள்ளேயே 'க்ரான் ஜாப்ஸ்' என்ற பகுதியில் தயார் நேரங்களின் பட்டியல் இருக்கும். இப்போது ஏ.ஐ சாட்பாட்டிடம் கேட்டாலும் எழுதித் தருகிறது.

அதனால், எழுதுவது இன்று பெரிய விஷயமே இல்லை. எழுதிய வரி, நீங்கள் மனதில் நினைத்த நேரத்தைத்தான் குறிக்கிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். எழுத்துப்பிழை இருந்தால் க்ரான் வரியை ஏற்காது, உடனே தெரிந்துவிடும். அர்த்தப்பிழை இருந்தால்? மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு, தப்பான நேரத்தில் ஒழுங்காக ஓடும். அப்படிப்பட்ட ஐந்து இடங்கள் இவை.

1. நிமிடத்தில் நட்சத்திரம்: ஒன்றுக்கு அறுபது!

காலை 6 மணிக்கு ஒருமுறை என்று நினைத்து, பலர் இப்படி எழுதுகிறார்கள்:

* 6 * * *

மணி 6. மற்றதெல்லாம் எதுவானாலும் சரி. சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. நிமிடமும் 'எதுவானாலும் சரி' ஆகிவிட்டது. 6.00, 6.01, 6.02 என்று 6.59 வரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஒரு வாடிக்கையாளருக்கு 60 மெசேஜ். கடை நம்பரை அவர் பிளாக் செய்ய அதில் பத்து போதும். மெசேஜுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுபவராக இருந்தால் செலவும் அறுபது மடங்கு.

நிமிடக் கட்டத்தில் நட்சத்திரத்தைப் பார்த்தாலே ஒரு கணம் நின்று, 'நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் பரவாயில்லையா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரவாயில்லை என்று சொல்லும் வேலைகள் மிகக் குறைவு.

2. சர்வரின் காலை வேறு, நம் காலை வேறு

இட்லி மெசேஜ் மாட்டிக்கொண்டது இங்கேதான். வாடகைக்கு எடுக்கும் பெரும்பாலான சர்வர்களில் கடிகாரம் யு.டி.சி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட 5.30 மணி நேரம் முன்னால் இருக்கிறது. சர்வரில் காலை 6 அடிக்கும்போது சென்னையில் 11.30. கருவி தந்த '0 6 * * *' என்ற வரியில் குற்றமில்லை. யாருடைய 6 மணி என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு எளிது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். காலை 6-லிருந்து 5.30 போனால் 0.30. எனவே எழுத வேண்டிய வரி:

30 0 * * *

இலங்கை வாசகர்களுக்கும் இதே கணக்கு. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் 8 மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சுழி இருக்கிறது. அதிகாலை 5.30-க்கு முந்தைய நேரம் என்றால், கழிக்கும்போது நாளே பின்னால் போய்விடும். திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்கு ஒரு வேலை. ஐந்தரை மணி நேரம் கழித்தால் ஞாயிறு இரவு 10.30. எனவே கிழமைக் கட்டத்தில் 1 போடாமல் 0 போட வேண்டும்: 30 22 * * 0. மணியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையை மறந்தால், வேலை ஒரு நாள் தள்ளிச் செவ்வாய் அதிகாலை ஓடும்.

வெளிநாட்டு நேரத்தில் இயங்கும் சர்வர் என்றால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை 2 மணி, நேராக 3 மணி ஆகிவிடும். நவம்பரில் ஒரு ஞாயிறு, 1 மணியிலிருந்து 2 மணி வரையிலான நேரம் இரண்டு முறை வரும். அந்த இடைவெளியில் குறித்து வைத்த வேலை, மார்ச்சில் தடுமாறும். நவம்பரில் இரண்டு முறை ஓடவும் வாய்ப்புண்டு. பணம் பிடிக்கும் வேலைகளை அந்த நேரத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

3. தேதியும் கிழமையும் சேர்ந்தால்...

'மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ரிப்போர்ட் வேண்டும்.' அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். முதல் திங்கள் என்றால் 1 முதல் 7 தேதிக்குள்தானே வரும்? எனவே இப்படி எழுதத் தோன்றும்:

0 9 1-7 * 1

தேதி 1 முதல் 7-க்குள், கிழமை திங்கள். இரண்டும் பொருந்தும் நாள் மாதத்தில் ஒன்றே ஒன்று. கணக்கு அழகாக இருக்கிறது. க்ரான் அப்படிப் படிக்காது என்பதுதான் பிரச்னை. தேதி, கிழமை இரண்டு கட்டத்திலும் நட்சத்திரம் இல்லாமல் எதையாவது குறிப்பிட்டால், 'இரண்டில் எது பொருந்தினாலும் ஓடு' என்று அது எடுத்துக்கொள்ளும். எனவே 1 முதல் 7 வரை ஏழு நாளும் ஓடும். போதாக்குறைக்கு மாதத்தில் வரும் எல்லாத் திங்களும் ஓடும். மாதம் ஒரு ரிப்போர்ட் கேட்ட மேலாளருக்குப் பதினொரு ரிப்போர்ட் வரை போகும்.

இதற்கு வழி, இரண்டில் ஒன்றை மட்டும் க்ரானிடம் சொல்வது. '0 9 1-7 * *' என்று ஏழு நாளும் எழுப்பச் சொல்லிவிட்டு, 'இன்று திங்களா? இல்லையென்றால் எதுவும் செய்யாதே' என்ற சோதனையை ஓடும் புரோகிராமுக்குள் வைத்துவிட வேண்டும்.

4. சாய்கோட்டின் கணக்கும் 31-ம் தேதியும்

*/15 என்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. அப்படியென்றால் */40 என்பது 40 நிமிடத்துக்கு ஒருமுறையா? அதுதான் இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் க்ரான் 0-விலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். 0, 40, அத்துடன் மணி முடிந்துவிட்டது, மறுபடி 0. அதாவது 40 நிமிடம் ஒரு இடைவெளி, 20 நிமிடம் ஒரு இடைவெளி என்று நொண்டி நொண்டி ஓடும். 60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருந்தால்தான் இடைவெளி சீராக இருக்கும். மணிக் கட்டத்துக்கு அது 24. */5 என்று போட்டால் 0, 5, 10, 15, 20. பிறகு நான்கு மணி நேரத்திலேயே மறுபடி 0.

தேதிக் கட்டத்திலும் இதே கதை. மாடித்தோட்டத்து மோட்டாரை ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில் இணைத்து, 'ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர்' என்று */2 போட்டால் 1, 3, 5 என்று ஓடி 31-ல் முடியும். மறுநாள் 1-ம் தேதி மறுபடி ஓடும். அடுத்தடுத்து இரண்டு நாள் தண்ணீர். செடி மன்னித்துவிடும். இதே வரி மருந்து நினைவூட்டலில் இருந்தால் கதை வேறு.

31-ம் தேதி இன்னொரு பொறி. '0 10 31 * *' என்பதை 'மாதக் கடைசியில்' என்று நினைத்து எழுதுபவர்கள் உண்டு. வருடத்தில் ஏழு மாதங்களுக்குத்தான் 31 உண்டு. மீதி ஐந்து மாதம் அந்த வேலை ஓடாது. ஓடவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். மாதக் கடைசிக் கணக்கை அடுத்த மாதம் 1-ம் தேதி காலையில் எடுப்பதாக மாற்றிவிடுவது நிம்மதி. சர்வர் யு.டி.சி-யில் இருந்தால் அந்த வேலையை நம் நேரம் காலை 5.30-க்குப் பிறகு வையுங்கள். அதற்குள் அங்கேயும் தேதி மாறியிருக்கும்.

5. ஒரே பெயர், ஊருக்கு ஒரு வழக்கு

மதுரைத் தமிழும் கோவைத் தமிழும்போல, க்ரானிலும் வழக்குகள் உண்டு. ஜாவா புரோகிராமர்கள் பயன்படுத்தும் 'குவார்ட்ஸ்' வகையில் கட்டங்கள் ஐந்து அல்ல. முதலில் நொடி வரும்; கடைசியில் விரும்பினால் வருடமும் வரும். அதில் கிழமை எண்ணிக்கையும் வேறு. யுனிக்ஸ் க்ரானில் 1 என்றால் திங்கள். குவார்ட்ஸில் 1 என்றால் ஞாயிறு! அமேசானின் கிளவுட் சேவையான 'ஈவென்ட்பிரிட்ஜ்'-லும் 1 ஞாயிறுதான்.

ஒரு வகைக்காக எழுதிய வரியை இன்னொன்றில் ஒட்டினால், சில நேரம் 'தவறு' என்று திருப்பி அனுப்பிவிடும். அது நல்லது. சில நேரம் ஏற்றுக்கொண்டு வேறு நாளில் ஓடும். கிழமைக்கு எண் போடுவதற்குப் பதில், அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் போடும் வசதி இந்த வகைகளில் உண்டு. அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் 'கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்'-க்கும் சொந்த விதிகள் இருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்குக் குறைவான இடைவெளி அங்கே செல்லாது. மணி தொடங்கும் நேரத்தில் எல்லோரும் 0 நிமிடத்தைக் குறித்து வைத்திருப்பதால் நெரிசலாகி, வேலை தாமதமாகத் தொடங்கலாம். 0-க்குப் பதில் 7, 23 என்று கூட்டமில்லாத நிமிடத்தைப் போடுவது புத்திசாலித்தனம். எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் புராஜெக்ட்டில் 60 நாள்கள் எந்த மாற்றமும் செய்யாவிட்டால், குறித்து வைத்த வேலைகள் நிறுத்தப்படும்.

வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அதில் இருக்கும் க்ரான், யாராவது தளத்துக்குள் வரும்போதுதான் கடிகாரத்தையே பார்க்கும். ஆள் வராத தளத்தில் 6 மணி வேலை, யாராவது எட்டிப்பார்க்கும் நேரத்தில்தான் நடக்கும்.

நேரம் சரி... வேலை நடந்ததா?

ஐந்தையும் கவனித்து, வரியைச் சரியாக எழுதியாகிவிட்டது. இனி நிம்மதியா? 2017-ல் கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

புரோகிராமர்கள் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே ஒரு பொறியாளர் டேட்டாபேஸ் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணை சர்வரில் இருந்த ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி டேட்டா போய்விட்டது.

இப்படி ஒரு நாளுக்காகத்தானே பேக்கப்? தினமும் ஒருமுறை டேட்டாபேஸை நகல் எடுத்து அமேசான் ஸ்டோரேஜில் சேர்க்கும் வேலை ஏற்கெனவே குறித்து வைக்கப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தார்கள். அங்கே எதுவும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷனுக்கு மாறியிருக்க, நகல் எடுக்கும் கருவி 9.2 வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் தொடங்கி, தோற்று, நின்றிருக்கிறது.

தோற்றால் மெயில் வர வேண்டுமே? அந்த ஏற்பாடும் இருந்தது. க்ரான் வேலைகள் அனுப்பிய எச்சரிக்கை மெயில்கள், மெயில் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. எச்சரிக்கை போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் கையிலும் கிடைக்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக அந்தப் பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்துவைத்திருந்த ஒரு நகல். அதை வைத்து மறுநாள் தளத்தை மீட்டார்கள். இடைப்பட்ட சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் திரும்பவில்லை. ஏறக்குறைய 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கமென்ட்டுகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது; என்ன நடந்தது என்று விரிவான அறிக்கையும் வெளியிட்டது. தவறு செய்தவரின் பெயரை மட்டும் அதில் போடவில்லை.

அந்த பேக்கப் வேலைக்கு நேரம் சரியாகவே குறிக்கப்பட்டிருந்தது. எந்த ஜெனரேட்டரில் போட்டுப் பார்த்திருந்தாலும் 'சரி' என்றுதான் சொல்லியிருக்கும். வாசல் கேட்டில் மாட்டிய பையில் காலையில் பால் பாக்கெட் இல்லையென்றால், காபி நேரத்துக்குள் வீட்டுக்கே தெரிந்துவிடும். பேக்கப் அப்படி இல்லை. தேவைப்படும் நாள் வரை அந்தப் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சேவ் பண்ணும் முன், சேவ் பண்ணிய பின்!

* ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, அடுத்து ஓடப்போகும் ஐந்து நேரங்களையாவது தேதியுடன் காட்டுகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன 60 மெசேஜ், பதினொரு ரிப்போர்ட், 40 நிமிடம் எல்லாம் அந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

* ஒரு கருவி எழுதித் தந்த வரியை இன்னொரு கருவியில் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஏ.ஐ எழுதித் தந்தது என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

* சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது, எந்த வகை க்ரான் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகே வரியை ஒட்டுங்கள்.

* ஆன்லைன் கருவியில் நேரத்தை மட்டும் கொடுங்கள். ஓட வேண்டிய முழு கமாண்டை ஒட்ட வேண்டாம். அதில் பாஸ்வேர்டு இருக்கலாம்.

* வரிக்கு மேலே '#' குறி போட்டு, 'இந்திய நேரம் காலை 6 மணி, மெனு மெசேஜ்' என்று குறிப்பு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் பார்க்கப்போகிறவர் நீங்களாகவே இருந்தாலும் நினைவிருக்காது.

* க்ரான்டேப் பட்டியலைத் திருத்த 'இ' என்ற எழுத்து, மொத்தப் பட்டியலையும் அழிக்க 'ஆர்' என்ற எழுத்து. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் தவறினால் போச்சு. பட்டியலின் நகல் ஒன்றை வேறு இடத்தில் வைத்திருங்கள்.

* கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்து வேலையை க்ரான் பிறகு எழுந்து செய்யாது. இரவில் அணைத்துவிடும் லேப்டாப்பில் அதிகாலை 3 மணி பேக்கப் வைத்துப் பயனில்லை. விட்டுப்போனதைப் பிடித்துச் செய்யும் 'அனாக்ரான்' போன்றவை அதற்கு உண்டு.

* வேலை தோற்றால் மெயில் வரட்டும் என்பதோடு நிறுத்தாமல், வேலை முடிந்தால் ஒரு சிக்னல் வரும்படி வையுங்கள். குறித்த நேரத்தில் சிக்னல் வராவிட்டால் எச்சரிக்கும் சேவைகள் இருக்கின்றன. அதெல்லாம் வேண்டாம் என்றால் வாரம் ஒருமுறை பேக்கப் ஃபைலின் தேதியையும் அளவையும் கண்ணால் பாருங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்தும் பாருங்கள்.

டிபன் கடைக்கு வருவோம். மகள் வரியை '30 0 * * *' என்று மாற்றிவிட்டார். அடுத்த ஐந்து ஓட்டங்களை இந்திய நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்தும் காலை 6. அப்பாவின் நம்பரையும் வாடிக்கையாளர் பட்டியலில் சேர்த்தார். ஏன் என்று கேட்டால், அவர் சொல்லும் காரணம் இது: "6 மணிக்கு மெசேஜ் வரலைன்னா, முதல்ல அப்பாதான் என்னை எழுப்புவார்!"